வராதவர்களின் விருந்து

2025ஆம் ஆண்டு, ஜூன் மாதம் எட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலை முதலே வானம் ஈயம் பூசிய பாத்திரத்தின் உட்புறம்போல் மங்கிக் கிடந்தது. மழையும் வரவில்லை; காற்றும் வரவில்லை. வெப்பம் முப்பத்தேழு பாகை என்று கைப்பேசிகள் கூறின. கழுத்தில் வழிந்த வியர்வையோ அதனினும் மிகுதியாகக் கூறிற்று.

அன்று கல்கத்தாவில், லேக் மார்க்கெட்டை அடுத்த சந்தொன்றில், தென்னகத்தார் நலச் சங்கத்தின் மண்டபத்தில், ஆண்டுதோறும் நடைபெறும் கூப்பன் விருந்து ஏற்பாடாகியிருந்தது. கூப்பன் விருந்து என்பது யாது என்பதை முதற்கண் விளக்குதல் நலம். நோயாலோ விபத்தாலோ துன்புறும் ஒருவருக்குப் பொருள் திரட்ட வேண்டுமாயின், சங்கத்தார் ஐந்நூறு ரூபாய் விலையில் மஞ்சள் நிறக் கூப்பன்களை அச்சிட்டு விற்பர். வாங்கியவர் குறித்த நாளில் வந்து இலையில் அமர்ந்து உண்ணலாம். கொடுப்பவருக்கு வெறுமனே கொடுப்பதில் ஒரு கூச்சம். பெறுபவருக்குக் கைநீட்டிக் கேட்பதில் ஒரு கூச்சம். இவ்விரண்டு கூச்சங்களுக்கும் நடுவே ஒரு வாழையிலையை விரித்துவிட்டால் இரண்டும் மறைந்துவிடும். இதுவே அவ்விருந்தின் தத்துவம்.

இதற்குள் மற்றொரு தத்துவமும் ஒளிந்திருந்தது. அதை மேடையில் எவரும் கூறியதில்லை. கூப்பன் வாங்கியவர்களுள் பாதிப்பேர்கூட வரமாட்டார்கள் என்பதே அது. பணம் கொடுத்த அளவில் அவர்களது கடமை முடிந்துவிடும். ஞாயிறு மதியம் குளிர்சாதன அறையில் உறங்குவர். ஆகவே அறுநூறு கூப்பன்கள் விற்றால் இருநூற்றைம்பது பேருக்குச் சமைத்தால் போதும். மிச்சப்படுவதே நோயாளிக்குச் செல்வது. சுருங்கக் கூறின், சங்கத்தின் அறம் அதன் உறுப்பினர்களுடைய மதியத் தூக்கத்தின்மேல் எழுப்பப்பட்டிருந்தது.

இக்கணக்கை வகுத்தவர் சங்கத்தின் செயலாளரான ஷியாமளா. அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. கல்கத்தாவிலேயே பிறந்து, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பணியாற்றி விருப்ப ஓய்வு பெற்றவர். இருபது ஆண்டுகளாக இவ்விருந்தை நடத்தி வந்தார். அவரது கணக்கு ஒருமுறையும் பொய்த்ததில்லை.

இவ்வாண்டு விருந்து விவேக் என்னும் இளைஞனுக்காக. கோவில்பட்டியைச் சேர்ந்த அவன், சால்ட் லேக்கில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்து வந்து ஓராண்டுகூட நிறையவில்லை. டாக்குரியா மேம்பாலத்தின் இறக்கத்தில் ஒரு பேருந்து அவனுடைய இருசக்கர வண்டியை மோதித் தள்ளிற்று. இடுப்பெலும்பு நொறுங்கியது. முதல் அறுவை சிகிச்சையோடு காப்பீட்டுத் தொகை தீர்ந்தது. இரண்டாவது சிகிச்சை திங்கட்கிழமை காலை. அதற்கு மருத்துவமனை இரண்டு நிபந்தனைகள் விதித்திருந்தது. ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் முன்பணம் கட்ட வேண்டும். அதற்குள்ளாகவே, அவர்களது இரத்த வங்கியிலிருந்து எடுக்கப்போகும் இரத்தத்திற்கு ஈடாக ஆறு பேர் நேரில் வந்து இரத்தம் கொடுத்திருக்க வேண்டும். எந்தப் பிரிவாயினும் சரி. ஆனால் ஆறு பேர். தவறினால் சிகிச்சைக்கு ஒதுக்கிய அந்த நேரம் வேறொருவருக்குப் போய்விடும். மருத்துவரோ செவ்வாயன்று வெளிநாடு செல்கிறார். அவர் திரும்புவதற்குள் எலும்பு கோணலாகக் கூடிவிடும். விவேக் நேராக நடக்க மாட்டான்.

முன்பணத்திற்குக் கூப்பன் பணம் சரியாக இருந்தது. சமையற்செலவு போக எஞ்சுவது ஏறக்குறைய அந்தத் தொகையே. இரத்தந்தான் குறைந்தது. விவேக்கோடு அறையில் தங்கியிருந்த இரு இளைஞர்கள் முந்தின நாளே கொடுத்துவிட்டார்கள். அவனுடைய தந்தைக்குச் சர்க்கரை நோய். அவரை வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். இன்னும் நான்கு பேர் வேண்டும்.

"ரத்தம் வேணும்னு வாட்ஸ்அப் குரூப்ல மறுபடியும் போட்டேங்க ஆன்ட்டி," என்றாள் சாய்பிரியா. கோயம்புத்தூரிலிருந்து வந்து இரண்டாண்டாக இங்கே வேலை பார்க்கும் பெண். சங்கத்தின் கைப்பேசி விவகாரங்கள் யாவும் அவள் பொறுப்பில் இருந்தன. "நூத்துக்கு மேல பதில் வந்திருக்கு."

"அப்பாடா. எத்தனை பேர் வரா?"

"யாரும் வரலைங்க. எல்லாரும் கும்பிடு படம் போட்டிருக்காங்க. ஒருத்தர் மட்டும் பூங்கொத்து."

"பூங்கொத்து எதுக்குடி?"

"தெரியலைங்க. நல்லபடியா ஆகணும்னுதான் இருக்கும்."

"வருவாடி. சாப்பாட்டுக்கு வரவாள்ல நாலு பேரை நானே பிடிக்கறேன்," என்று ஷியாமளா நம்பிக்கையோடு சொல்லிவிட்டு, வெண்டைக்காய் வதங்கும் மணத்தை நோக்கிச் சமையற்கட்டுக்குள் சென்றார்.

முதற்பந்தி அமைதியாகத் தொடங்கிற்று. அதன் பாயசம் பரிமாறப்படும் வேளையில், வாயிலில் நின்றிருந்த பொருளாளர் ஜெய்ராம் உள்ளே வந்தார். எப்பொழுதும் எதையேனும் கிண்டல் செய்துகொண்டிருக்கும் அவர் முகத்தில் அன்று கிண்டல் இல்லை.

"ஷியாமளா, கொஞ்சம் வெளியில வந்து பாரு."

"யார் வந்திருக்கா?"

"எல்லாரும்."

ஷியாமளா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாயிலுக்கு வந்தார். வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். மண்டபத்தின் படியில் தொடங்கிய வரிசை, சந்தின் நீளமெல்லாம் நீண்டு, பூக்கடைகளைக் கடந்து, முதன்மைச் சாலையில் திரும்பி, அதற்கப்பால் கண்ணுக்கு எட்டவில்லை. இடுப்பில் குழந்தைகளை வைத்த பெண்கள், சீருடை அணிந்த காவற்காரர்கள், கார் ஓட்டுநர்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கள், அடுக்குமாடிக் கட்டடங்களில் துணி தேய்ப்பவர்கள். அவர்களுள் ஒருவரையும் அவர் சங்கத்தின் எந்த விழாவிலும் கண்டதில்லை. ஆயினும் ஒவ்வொருவர் கையிலும் மஞ்சள் கூப்பன் இருந்தது.

அவருக்கு முதலில் தோன்றிய எண்ணம், யாரோ போலிக் கூப்பன் அச்சடித்துவிட்டார்கள் என்பதே. முன்னால் நின்ற ஒருவரிடமிருந்து ஒன்றை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பின்புறம் இருந்தது அவருடைய கையொப்பமேதான்.

"தீதி, என்னைத் தெரியலையா?" என்று, அக்கா முறை வைத்து வங்காளியில் ஒரு குரல் கேட்டது. ஷியாமளாவின் குடியிருப்பில் மேல்தளத்து வீட்டில் சமையல் செய்யும் ஜர்ணா. தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, பூஜைக்கு உடுத்தும் சேலையை உடுத்தி வந்திருந்தாள். "எங்க வீட்டம்மா ரெண்டு கூப்பன் கொடுத்தாங்க. நீங்கதான் கொடுக்கச் சொன்னீங்களாமே."

"நானா?"

ஜர்ணா தன் கைப்பேசியை நீட்டினாள். அதன் உடைந்த திரையில் ஷியாமளாவே பேசிக்கொண்டிருந்தார். வைகாசி மாதக் கூட்டத்தில் அவர் ஆற்றிய உரை. "வர இயலாதவர்கள் கூப்பனைக் குப்பையில் போடாதீர்கள். உங்கள் வீட்டில் உழைப்பவர் கையில் கொடுங்கள். உண்ணப்படாத அன்னம் செய்யப்படாத தருமம்." அதன் கீழே அதே சொற்கள் வங்காள எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

இருபது ஆண்டுகளாக ஒவ்வோர் உரையின் முடிவிலும் அவர் கூறிவரும் வாக்கியம் அது. கைதட்டலுக்கு முன்னால் வரும் வாக்கியம். அதைக் கேட்டு எவரும் எதுவும் செய்ததில்லை. செய்வார்கள் என்று அவரும் எண்ணியதில்லை.

சாய்பிரியா ஓடி வந்தாள்.

"நீதான் இதைப் போட்டியா?"

"நீங்க சொன்னதைத்தான் போட்டேங்க. யாருக்கும் புரியணும்னு வங்காளியிலயும் எழுதினேன்."

"சொன்னேன்டி. சொல்றதுக்காகச் சொன்னது."

"அது எனக்குத் தெரியாதுங்களே ஆன்ட்டி," என்றாள் அவள். குற்றஞ்சாட்டும் தொனி அதில் இல்லை. அதனாலேயே அது ஷியாமளாவின் நெஞ்சில் ஊசிபோல் இறங்கிற்று.

சமையற்கட்டில் அவசரக் கூட்டம் கூடியது. சங்கத்தின் தலைவரான ரங்கநாதன், எண்பதை நெருங்கும் முன்னாள் வங்கி அதிகாரி, சுவரோரம் நாற்காலியில் அமர்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சதுன்னு ஒரு போர்டு எழுதி மாட்டிடலாம்," என்றார் ஜெய்ராம். "கூப்பன் வாங்கினவா யாரும் இங்க இல்லை. அவா தூங்கறா. கேக்கறதுக்கு ஆள் கிடையாது."

"வரிசையில நிக்கறவா ஆள் இல்லையா?" என்றார் ஷியாமளா.

"அவா காசு குடுத்தாளா?"

"கூப்பன்ல கை மாத்தக்கூடாதுன்னு போட்டிருக்கோமா, ஜெய்ராம்?" என்று ரங்கநாதன் கேட்டார். பணியில் இருந்த காலத்திலும் அவர் இப்படித்தான் கேட்பார் என்பர். "போடலை இல்லையா. அப்போ கையில வெச்சிருக்கறவன்தான் விருந்தாளி."

"மாமா, நியாயம் சரி. சோறு எங்க இருக்கு? வெளியில வாங்கினா முன்பணத்துல கை வைக்கணும். ஆறு மணிக்கு நான் ஆஸ்பத்திரியில என்னத்தைக் கட்டறது?"

விவேக்கின் தந்தை சாம்பார் வாளியைக் கையில் பிடித்தபடி கதவருகே நின்றிருந்தார். மகன் பொருட்டு நடக்கும் விருந்தில் சும்மா உட்கார மாட்டேன் என்று காலை முதல் அவரே வாளி தூக்கிக்கொண்டிருந்தார்.

"நான் போயி அவுக கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன் தாயி," என்றார் அவர் தயங்கியபடி. "பாஷை தெரியாது. கையெடுத்துக் கும்பிட்டா புரிஞ்சிக்கிடுவாக. ஆனா வெயில்ல வந்த பிள்ளைகள வெறும் வயித்தோட அனுப்பிட்டு, அந்தத் துட்டுல எம்மகன் எந்திரிச்சு நடக்கணுமான்னும் இருக்கு."

ஷியாமளா சமையற்காரரின் பக்கம் திரும்பினார். லேக் மார்க்கெட் வட்டாரத்துத் திருமணங்களில் பாதிக்குமேல் வைத்தீஸ்வரனின் கைதான் சமைத்தது.

"என்ன மிச்சம் இருக்கு?"

"காய் தீர்ந்துடுத்து. நன்கொடையா வந்த பச்சரிசியும் பாசிப்பருப்பும் மூட்டை மூட்டையாக் கிடக்கு. நெய் ஒரு டின் இருக்கு."

"பொங்கல் வையுங்கோ."

வைத்தீஸ்வரன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மத்தியான இலையில பொங்கலா மாமி? என் பேரு என்ன ஆறது?"

"கிச்சுரின்னு நெனச்சுக்கோங்கோ. துர்கா பூஜைக்குப் பந்தல்ல அரிசியும் பருப்புமா வேகவெச்சுப் போடறாளே, அது மாதிரி. நின்னு சாப்பிட்டுட்டுப் போறா, எவ்வளவு சந்தோஷமா."

"கிச்சுரியா? அதுக்குப் பொங்கலே தேவலை," என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் பெரிய அண்டாவை அடுப்பின் பக்கம் உருட்டினார். "ஒரு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் அவாளைப் பிடிச்சு வெச்சுக்கறது உங்க பொறுப்பு."

சங்கத்தின் ஒலிவாங்கியின் முன் ஷியாமளா தமிழிலும் ஆங்கிலத்திலும் நூறு முறை பேசியிருப்பார். வங்காளியில் பேசியதில்லை. அவர் ஓடி விளையாடிய தெருவின் மொழி அது; மேடைக்கு உரியதென்று தோன்றியதில்லை. அதைப் பிடித்து வாயிற்படியில் நின்று அவர் உண்மையைச் சொன்னார். நாங்கள் சமைத்தது உங்களில் பாதிப்பேருக்குக்கூடப் போதாது. நீங்கள் வருவீர்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. கூப்பன் விற்றுவிட்டு, வராதவர்களை நம்பியே சமைப்பது எங்கள் வழக்கம். தவறு எங்களுடையது. ஒரு மணி நேரம் பொறுத்தால் சூடாக ஒன்று கிடைக்கும். விருந்தாக இராது; ஆனால் வயிறு நிறையும்.

சொல்லி முடித்துவிட்டு வசவுக்காகக் காத்திருந்தார். வரிசையில் ஒரு சலசலப்பு ஓடிற்று. ஒரு பெண், நிழலில் உட்காரலாமா என்று கேட்டாள். பின்னர் வெள்ளைச் சீருடை அணிந்த ஓட்டுநர் ஒருவர் கையைத் தூக்கினார். அவர் பெயர் நிதாய். டாலிகஞ்சில் மாதவி என்னும் கண் மருத்துவரின் காரை ஓட்டுபவர் என்பது பின்னர் தெரிந்தது.

"தீதி, ஒண்ணு கேக்கறேன். அந்த வாசல் பேனர்ல இருக்கற பையன் யாரு? எழுத்தைப் படிக்கத் தெரியலை. ஏதோ கட்சியில நிக்கறார் போலன்னு பேசிட்டு இருந்தோம்."

வரிசை சிரித்தது. ஷியாமளா திரும்பிப் பேனரைப் பார்த்தார். தமிழில் ஒரு வரி. ஆங்கிலத்தில் ஒரு வரி. நடுவே விவேக் கல்லூரியில் எடுத்த படம், நெற்றியில் திருநீற்றோடு புன்னகைத்துக்கொண்டிருந்தான். எதற்காக உண்கிறோம் என்று அறியாமலேயே இத்தனை பேரும் வெயிலில் நிற்கிறார்கள். இது அவருக்கு அன்றைய நாளின் இரண்டாவது அடி.

அவர் சொன்னார்: பேருந்து, இடுப்பெலும்பு, நாளைக் காலை சிகிச்சை.

"பணம் சரி," என்றார் நிதாய். "ரத்தம் ஏற்பாடு ஆயிடுச்சா?"

அறுநூறு கூப்பன்களை வாங்கிய கூட்டத்தில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி அது. பலமுறை எழுதிப் போட்டும் கும்பிடு படமாகவே திரும்பி வந்த கேள்வி. ஷியாமளா இல்லையெனத் தலையை ஆட்டி, இன்னும் நான்கு பேர் குறைகிறார்கள் என்றார்.

நிதாய் தம் கைப்பேசியின் உறையைக் கழற்றினார். அதன் உட்புறத்தில் மடித்து வைத்திருந்த சிறிய அட்டை ஒன்றை எடுத்து உயர்த்திக் காட்டினார். அவ்வட்டை எத்தகையது என்பதைக் கல்கத்தாவில் வாழ்பவர் அறிவர். இந்நகரில் தெருவுக்குத் தெரு உள்ள சங்கங்கள் ஆண்டுக்கொருமுறை பந்தலிட்டு இரத்ததான முகாம் நடத்தும். கொடுத்தவருக்கு ஓர் அட்டை தருவர். அவருக்கோ அவரைச் சார்ந்தவருக்கோ தேவை நேர்ந்தால், அந்த இரத்த வங்கியில் அதைக் காட்டி உதவி பெறலாம்.

ஓர் அட்டை உயர்ந்ததும் வரிசையில் பல கைகள் பைகளுக்குள் நுழைந்தன. சேலை முடிச்சிலிருந்து ஒன்று. சில்லறைப் பையிலிருந்து ஒன்று. பிளாஸ்டிக் உறையில், கடவுள் படத்தோடு சேர்த்து வைத்திருந்த ஒன்று. அந்தக் கணத்தில் சங்கத்தாருக்கு நேர்ந்த திகைப்பை எழுத்தில் அடக்குதல் அரிது. ஜெய்ராம் தம் கையிலிருந்த "சாப்பாடு முடிந்தது" என்ற பலகையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"என்கிட்டயும் இருக்கு," என்றாள் ஜர்ணா. "பெரிய தர்மம்னு நினைச்சுக்காதீங்க தீதி. அந்த முகாம்ல டிபன் கேரியர் கொடுத்தாங்க. மூணு தட்டு. அதுக்காகத்தான் போனேன்."

"எனக்குச் சூட்கேஸ் கொடுத்தாங்க," என்றார் பின்னாலிருந்த காவற்காரர் ஒருவர். "சக்கரம் வெச்சது. ஒரு சக்கரம் அன்னைக்கே போயிடுச்சு."

"சூட்கேஸுக்கு நீங்க கொடுத்த ரத்தம் அதிகம் அண்ணா," என்றாள் ஜர்ணா. மறுபடியும் சிரிப்பு எழுந்தது.

ஷியாமளா நிதாயின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு என்ன கொடுத்தா?"

"குடை," என்றார் அவர். பிறகு எவரும் கேளாமலே, "என் பொண்ணு பொறந்தப்ப வீட்டுக்காரிக்கு எவனோ ஒருத்தனோட கார்டுலதான் ரத்தம் வந்தது. அவன் பேரு தெரியாது. யார்கிட்ட போய் நன்றி சொல்றது? அதனால எதிர்ல வர்றவங்களுக்குக் கொடுத்துடறது," என்றார். கூறிவிட்டு, சட்டைப் பையில் ஏதோ தேடுபவர்போல் தலையைக் குனிந்துகொண்டார்.

இதற்குள் சாய்பிரியா மருத்துவமனையோடு தொலைபேசியில் பேசி முடித்திருந்தாள். "கார்டு அங்க செல்லாதுங்களாம் ஆன்ட்டி. அது வேற ரத்த வங்கியோடது. ஆளாத்தான் வரணும். இன்னொண்ணு, சாப்பிட்டுட்டு வரணும். வெறும் வயித்தோட வந்தா தொடவே மாட்டாங்களாம்."

எல்லாருடைய கண்களும் ஒருசேரச் சமையற்கட்டை நோக்கின. சற்று முன்புவரை சங்கத்தின் மானத்தைப் பற்றியதாக இருந்த அண்டா, இப்போது விவேக்கின் காலைப் பற்றியதாகிவிட்டது.

"வைத்தீஸ்வரன், எவ்வளவு நேரம்?" என்று ரங்கநாதன் உள்நோக்கிக் கேட்டார்.

"பருப்பு வேகணுமோல்லியோ? அவசரப்படுத்தாதேள்," என்று புகைக்குள்ளிருந்து குரல் வந்தது. பிறகு, "மிளகு போட்டுண்டிருக்கேன். இலையைப் போடுங்கோ," என்றும் வந்தது.

போவதாக முன்வந்த ஏழு பேரையும் முதலில் அமர்த்தினார்கள். ரங்கநாதன் நாற்காலியை விட்டு எழுந்து, முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் தாமே இலை போட்டார். விவேக்கின் தந்தை பொங்கலைப் பரிமாறினார். பேச மொழி இல்லாத காரணத்தால் ஒவ்வோர் இலையிலும் கரண்டியை நிறுத்தி, அந்த முகத்தைப் பார்த்து, மேலும் ஒரு கரண்டி வைத்தார். ஜர்ணா கையைக் குறுக்கே நீட்டித் தடுத்துப் பார்த்தாள், பயனில்லை.

"ஊறுகாய் இருக்கா?" என்று அவள் கேட்டாள். "கிச்சுரின்னா கூட ஒரு பொரியல் இருக்கும்."

"இது கிச்சுரி இல்லைன்னு சொல்லுங்கோ," என்றார் வைத்தீஸ்வரன், அண்டாவிலிருந்து தலை நிமிராமல்.

நிதாய் தம் முதலாளிக்குத் தொலைபேசியில் பேசினார். மாதவி பகலுறக்கத்திலிருந்து எழுந்து வந்ததை அவருடைய குரலே காட்டிற்று. பேச்சு கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்டது. கூப்பன் எடுத்துக்கொண்டு விருந்துக்குப் போன ஓட்டுநர் இரத்தம் கொடுக்கப் போவதாகச் சொல்வதை அவர் இருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு, "வண்டியை எடுத்துண்டு போ நிதாய். எல்லாரையும் ஏத்திக்கோ. நான் நேரா ஆஸ்பத்திரிக்கு வரேன்," என்றார். வந்தார், ஆனால் இரத்த அழுத்த மாத்திரை உண்பவர் என்பதால் அவரைத் திருப்பிவிட்டார்கள். அவர் திரும்பிப் போகாமல், அங்கே இரத்தம் கொடுக்க நின்றவர்களுக்கு வங்காளப் படிவங்களை நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வரிசையில் எஞ்சியோரின் பந்தியை ரங்கநாதனிடம் ஒப்படைத்துவிட்டு, ஷியாமளா அந்த ஏழு பேரோடும் விவேக்கின் தந்தையோடும் மருத்துவமனைக்கு விரைந்தார். அதன் இரத்த வங்கி கீழ்த்தளத்தில் இருந்தது. ஏழு பேர் இருக்கிறார்கள், நான்கு பேர்தான் வேண்டும் என்று ஷியாமளா ஆறுதலோடு இருக்கையில் சாய்ந்தார். அந்த ஆறுதல் நீடிக்கவில்லை. துணி தேய்ப்பவர் சென்ற மாதந்தான் கொடுத்திருந்தார், அவரை அனுப்பிவிட்டார்கள். ஆயாக்கள் இருவருக்கும் இரத்தத்தில் சத்துப் போதவில்லை. புதிதாகக் கையில் பச்சை குத்தியிருந்த இளைஞன் ஒருவனும் வெளியே வந்தான். தேறியவர்கள் நிதாய், ஜர்ணா, சூட்கேஸ் வாங்கிய காவற்காரர் ஆகிய மூவரே.

ஒருவர் குறைந்தார். மணி ஐந்தை எட்டிக்கொண்டிருந்தது. ஜெய்ராம் மேல்தளத்தில் முன்பணத்தைக் கட்டிவிட்டு இறங்கி வந்து, தம் கையை நீட்டினார். அவருக்கு மஞ்சள் காமாலை வந்து மூன்று மாதமே ஆகியிருந்தது. அவரை உட்காரக்கூட விடவில்லை. லேக் மார்க்கெட்டிலிருந்து வேறு ஒருவரை அழைத்துவர அந்த நேரத்துப் போக்குவரத்து இடம் தராது. விவேக்கின் தந்தை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மேசையின் பின்னால் இருந்த ஊழியர் தலையைத் தூக்கினார். "உங்களுக்கு என்ன வயசு?"

ஷியாமளா பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒருவரும் இல்லை.

"எனக்கா? ஐம்பத்தெட்டு."

"அறுபதுக்குள்ளதானே. கொடுக்கலாம். என்ன குரூப்?"

ஷியாமளாவுக்கு விடை தெரியவில்லை. இருபது ஆண்டுகளாக எத்தனையோ பேருடைய இரத்தப் பிரிவை ஒலிவாங்கியில் படித்தவர்; குழுவில் எழுதிப் போட்டவர்; பிறரைத் தட்டி எழுப்பியவர். தம்முடையது யாது என்று கேட்கத் தமக்கே தோன்றவில்லை. கொடு என்று கூறும் இடத்தில் நின்றவருக்கு, கொடுக்கும் இடம் வேறெங்கோ இருப்பதாகவே ஒரு நினைப்பு. அன்றைக்கு விழுந்த அடிகளுள் இதுவே ஆழமானது.

"தெரியாது," என்றார்.

"பரவாயில்லை, நாங்க பார்த்துக்கறோம். கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"காலையில காபி."

ஊழியர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப முடியாது."

ஷியாமளா விருந்துகளில் உண்டதேயில்லை. கடைசிப் பந்தி முடிந்து வீட்டுக்குச் சென்று மோர்சாதம் உண்பதே அவர் வழக்கம். அன்று அதுவும் இல்லை. அவர் எதிரே, கையில் பஞ்சோடு ஜர்ணா வந்து அமர்ந்தாள். தன் துணிப்பையிலிருந்து மூன்றடுக்குக் கேரியர் ஒன்றை எடுத்து மடியில் வைத்துத் திறந்தாள்.

"இதுதான் அந்த டிபன் கேரியர்," என்றாள். "என் பையனுக்கு எடுத்துட்டுப் போறேன். ரெண்டு தட்டு அவனுக்கு. மேல் தட்டு உங்களுக்கு."

"வேண்டாம் ஜர்ணா, குழந்தைக்கு…"

"அவனுக்கு இருபத்திரண்டு வயசு தீதி. ஒரு தட்டு குறைஞ்சா அழமாட்டான்."

மருத்துவமனையின் நடைவழியில், இரும்பு இருக்கையில் அமர்ந்து, ஷியாமளா இருபது ஆண்டுகளில் முதன்முறையாகத் தம் விருந்தை உண்டார். பொங்கல் ஆறிப் போயிருந்தது; மிளகு தூக்கலாக இருந்தது. அவர் ஒரு பருக்கையும் மிச்சம் வைக்கவில்லை. ஊழியர் கடிகாரத்தைப் பார்த்து, கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னார். அந்தக் கொஞ்ச நேரத்தில் விவேக்கின் தந்தை நடைவழியை அளந்துகொண்டிருந்தார். ஜெய்ராம் அருகில் வந்து அமர்ந்தார்.

"அடுத்த வருஷம் எத்தனை பேருக்குச் சமைக்கறது?" என்று மெல்லக் கேட்டார்.

"எத்தனை விக்கறோமோ அத்தனை பேருக்கு."

"மிச்சம் ஒண்ணும் நிக்காதே, ஷியாமளா."

"நின்னது போதும். விலையைக் கூட்டுவோம். இல்லைன்னா ஒரு இலைக்கு ரெண்டு இலை காசு குடுங்கோன்னு நேராக் கேப்போம். தூங்கறவாளை நம்பி இனிமே வேண்டாம்." பிறகு, "அந்த போர்டை என்ன பண்ணினே?" என்று கேட்டார்.

"வைத்தீஸ்வரன் அடுப்புல போட்டுட்டான். பொங்கல் வேக விறகு பத்தலையாம்."

"கேஸ் அடுப்புலயா?"

"அப்படித்தான் சொன்னான். நான் மேல கேக்கலை."

உள்ளே அழைத்தார்கள். ஷியாமளா மெத்தையில் படுத்தார். ஊசி இறங்கியபோது கண்ணை மூடவில்லை. கருஞ்சிவப்பாக நிரம்பும் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவின் கண்ணாடிக்கு அப்பால் விவேக்கின் தந்தையின் முகம் தெரிந்தது. அவர் கும்பிடவில்லை. கைகள் இரண்டையும் என்ன செய்வதென்று அறியாதவராய்த் தோள்துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார்.

ஊழியர் ஆறாவது பையின்மேல் ஒட்டுச்சீட்டை ஒட்டினார். "பி பாசிட்டிவ்," என்று ஷியாமளாவிடம் கூறிவிட்டு, அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொலைபேசியில் அழைத்து, நாளைக் காலை முதல் நோயாளி விவேக் என்பதை உறுதி செய்தார். அப்போது மணி மாலை ஐந்து ஐம்பத்திரண்டு.